ஓட்டை போட்ட பால் டின்னும் பிராந்திக் காப்பியும்

இன்று கோலா கிளாவாங் கடையில் பால் டின் வாங்கினேன். அவசரகாலச் சட்டமாம், கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் கொடுத்தார். கெடாமல் இருந்து, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாதாம்.

எறும்புக்குப் போகலாமா? இன்றே தீர்த்தாக வேண்டும்!

நானும் அண்ணியும் சூடான காப்பியில் மொத்தப் பாலையும் ஊற்றினோம். தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய பிராந்தி முழுவதையும் ஊற்றினோம். ஆளுக்கு ஒரு கிளாஸ் உள்ளே போனதும் ஒரே சிரிப்பு.

சத்தம் கேட்டு, எஸ்டேட் வேலிக்குக் காவல் நிற்கும் ராமையா அண்ணன் துப்பாக்கியோடு வந்துவிட்டார்.

"என்னம்மா காய்ச்சுறீங்க?"

"காப்பிதான்லா, அண்ணே."

"சோதனை போடணும். கொண்டா."

மூன்று கிளாஸ் சோதனை போட்டார். சந்தேகம் இன்னும் தீரவில்லையாம், நாளையும் வருவாராம்.

பால் டின் நான் வாங்கிவிடுவேன். சோதனைக்குப் பிராந்தி யார் வீட்டில் இருக்கிறது?