மீதமிருந்த பன்னிரண்டு பக்கங்கள்

சலூன்காரருக்கு இரண்டு விஷயங்களில் பிடிவாதம் உண்டு. தன் கத்தரியை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். கதையில் கொலைகாரன் யார் என்று எவர் கேட்டாலும் சொல்லமாட்டார். தொண்டையில் கத்தி வைத்துக் கேட்டாலும் சொல்லமாட்டார் என்று எழுதலாம்தான். ஆனால் அந்தக் கடையில் அடுத்தவர் தொண்டையில் கத்தி வைக்கிறவரே அவர்தான்.

கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடையது. இன்னொன்றில் அவர் மனைவியின் தம்பி வேலை பார்த்தார். அவரைத் தெருவே மச்சான் என்றுதான் கூப்பிட்டது. சுவரோரம் நாலு பேர் உட்காரக்கூடிய பெஞ்சில் எப்போதும் ஐந்து பேர் இருப்பார்கள். கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பாவுக்கும் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலுக்கும் பக்கத்தில், பதினொரு புத்தகங்கள். அத்தனையும் கொலைக்கதைகள். காதல் கதை, சரித்திரக் கதை என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"முடி வெட்ட வந்தவன் அரை மணி நேரம் சும்மா உக்காரணும்னா, ஒரு பொணமாவது விழணும்ல?" என்பது அவர் கட்சி.

அந்தப் புத்தகங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. எதுவும் கடைவாசலைத் தாண்டக்கூடாது. காத்திருக்கும்போது படிக்கலாம், முறை வந்ததும் அடையாளம் வைத்துவிட்டு எழுந்து வரவேண்டும். மீதியைப் படிக்க ஆசையிருந்தால் மறுபடி முடி வளர்த்துக்கொண்டு வரவேண்டியதுதான். அதனால் ஒரே புத்தகத்தில் ஏழெட்டு அடையாளங்கள் செருகியிருக்கும். பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, சட்டை நூல், உடைந்த சீப்பின் துண்டு. எது யாருடையது என்று அவருக்கு அத்துப்படி.

மடித்த மெல்லிய கம்பி ஒன்று மீட்டர்காரருடையது. மின்சார மீட்டருக்கு முத்திரை வைக்கிற கம்பி. வீடு வீடாகப் போய் எண் குறித்து வருவது அவர் வேலை. ஐம்பத்தெட்டு வயதுவரை ஒரு கதைப்புத்தகம் தொட்டதில்லை. "நாள் பூரா படிச்சுட்டுத்தான் இருக்கேன் தம்பி, எல்லாம் நம்பரு," என்பார். ஒருநாள் சலூன்காரர் அட்டை கிழிந்து தலைப்பே இல்லாமல் போன ஒரு புத்தகத்தை அவர் மடியில் வைத்து, "மொதப் பக்கம் மட்டும் படிங்க சார், பிடிக்கலைன்னா வச்சுடுங்க," என்றார். முதல் பக்கத்திலேயே ஒரு முதலாளி பாலைக் குடித்துவிட்டுப் பிணமாகக் கிடந்தார். மறுநாள் மீட்டர்காரர் மறுபடி வந்து நின்றார். வெட்டத் தலையில் முடியில்லை. பக்கத்துத் தெருவில் ரீடிங் எடுக்க வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்று சமாளித்தார்.

மெதுவாகத்தான் படிப்பார். ஒவ்வொரு வார்த்தைக்கும் உதடு அசையும். மாதம் ஒரு தடவை முடிவெட்ட வந்தவர், வாரம் ஒரு தடவை சவரத்துக்கு வர ஆரம்பித்தார். முறை வந்தாலும், "நீங்க போங்க, எனக்கு என்ன அவசரம்," என்று அடுத்தவரை அனுப்பிவிட்டுப் பக்கம் புரட்டுவார். பாதிப் புத்தகத்துக்குள் அவருக்குத் தீர்ப்பு முடிந்துவிட்டது.

"சமையக்காரன்தான். பாலைக் காய்ச்சினவன் அவன், கொண்டுபோய்க் குடுத்தவன் அவன். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அப்படியா சார்?" என்பார் சலூன்காரர். அதற்கு மேல் அவர் வாயைப் பிடுங்க முடியாது.

உண்மையில் கொன்றது செத்தவரின் மச்சான். இதைப் போட்டு உடைத்ததற்கு மன்னிக்கவேண்டும். அந்தப் புத்தகம் இனி உங்கள் கைக்கு வரப்போவதில்லை. கடைசிப் பக்கத்தை முடித்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கி, இரண்டாவது நாற்காலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்து, கமுக்கமாகச் சிரிப்பார்கள். பாவம் மச்சான், கத்தரியும் கையுமாக முறைப்பார். மீட்டர்காரர் மட்டும் அந்தச் சிரிப்பின் அர்த்தம் புரியாமல் முழிப்பார்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து, கூட்டம் நெரிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்குப் பன்னிரண்டு பக்கங்கள் மீதமிருந்தன. மூன்று பேரை முன்னால் விட்டும் முடியவில்லை. சலூன்காரர் நாற்காலியைத் தட்டினார்.

"தம்பி, பன்னெண்டே பக்கம். காலைல கொண்டுவந்து குடுத்துடறேன்."

பெஞ்சு மொத்தமும் சலூன்காரரைப் பார்த்தது. ஒருவருக்குச் சட்டத்தைத் தளர்த்தினால் எல்லோருக்கும் தளர்த்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. உள்ளுக்குள் ஒரு குறும்பும் இருந்தது. இந்த மனிதர் ஒரு வாரம் தவிக்கட்டுமே, அந்தத் தவிப்புதானே படிப்பின் ருசி.

"சட்டம் சட்டம்தான் சார். பன்னெண்டு பக்கம் எங்க ஓடிப்போகுது?"

மீட்டர்காரர் கம்பியைச் செருகினார். சவரம் முடிந்து படியிறங்கும்போது திரும்பி, "சமையக்காரன்தான், எழுதி வச்சுக்க," என்றார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று கேலி பேசினார்கள். மூன்றாவது வாரம், அவர் வீட்டுக்குக் கீழே குடியிருக்கிற ஒருவர் தாடையில் நுரையோடு உட்கார்ந்துகொண்டு சொன்னார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

சலூன்காரர் அந்தச் சவரத்தை எப்படியோ முடித்தார். கடைக்கு விடுமுறை வந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சவரம் செய்துவிடப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னார். துண்டுக்கு அடியில் அந்தப் புத்தகம் இருந்தது. முதல் தடவையாக அது வாசலைத் தாண்டியது.

மாடியில் ஒரே அறை, ஒட்டினாற்போல் சமையற்கட்டு. ஜன்னலோரக் கட்டிலில் மீட்டர்காரர் படுத்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. தாடி கன்னாபின்னாவென்று வளர்ந்திருந்தது. அவர் மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"பேச்சே வரலையாக்கா?"

"ஒரே ஒரு வார்த்தை வருது தம்பி. அதுவும் வராமலே இருந்திருக்கலாம்."

கட்டிலிலிருந்து குழறலாக, ஆனால் புரியும்படியாகவே, குரல் வந்தது. "சமையக்காரன்."

அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கேட்டீங்களா? முப்பத்திரண்டு வருஷம் சமைச்சுப் போட்டேன். ஒரு நாள் உப்பு கூடிச்சு, புளி குறைஞ்சுதுன்னு சொன்னதில்ல. எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்காரு பாருங்க. வாய் போன நேரத்துல, மிச்சமிருக்கிற ஒரு வார்த்தைக்கு இதுதான் கிடைச்சுது. மக எங்கயோ விசாரிச்சு ஒரு சமையக்காரரையே கூட்டிட்டு வந்துட்டா. நான் அந்த ஓரமா நின்னு வேடிக்கை பார்த்தேன். அவர் சமைச்சதை ஊட்டினா, அதையும் துப்பிட்டு, மறுபடி சமையக்காரன்கறாரு."

சலூன்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் சிரிக்கக்கூடாது என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துண்டை விலக்கிப் புத்தகத்தை எடுத்து, செத்துப்போன முதலாளியையும் பாலையும் பற்றி முதலிலிருந்து சொன்னார். தான் புத்தகத்தைத் தரமாட்டேன் என்றதையும் சொன்னார்.

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்போ என்னைச் சொல்லலையா?" என்று கேட்டார். இல்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம் கட்டிலருகே போய், "ஏங்க, இதுக்கா இந்தப் பாடு படுத்தினீங்க," என்று கணவரின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

சலூன்காரர் முதலில் சவரம் செய்தார். பிறகு கம்பியை எடுத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். மீட்டர்காரரின் கண்கள் புத்தகத்தை விட்டு நகரவில்லை. இடது கை போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தது. பன்னிரண்டில் ஒன்பதாவது பக்கத்தில் துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, ஒரு பெயரைச் சொல்லப்போகிறார். சலூன்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். இழுத்துக்கொண்ட அந்த வாயையும், அந்த ஒற்றைக் கையையும் பார்த்தார். மச்சான் என்று அச்சடித்திருந்த இடத்திலெல்லாம் சமையல்காரன் என்று படித்தார். பாலைக் காய்ச்சியவனும் அவனே, கொண்டுபோய்க் கொடுத்தவனும் அவனே. ஒரு வருஷமாக மீட்டர்காரர் சொல்லிவந்ததை அப்படியே எடுத்துத் துப்பறிகிறவர் வாயில் வைத்தார்.

போர்வையைப் பிடித்த கை தளர்ந்தது. "சமையக்காரன்," என்று மெல்லச் சொல்லிவிட்டு மீட்டர்காரர் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனையோ நாள் கழித்து நல்ல தூக்கம் தூங்குகிறார் என்று அந்த அம்மாள் படிவரை வந்து வழியனுப்பினார்.

அடுத்த விடுமுறைக்குச் சலூன்காரர் வேறொரு புத்தகத்தோடு போனார். அந்த அம்மாள் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"அன்னிக்கு அப்புறம் வாயே திறக்கல தம்பி."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒண்ணுமே. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரியும். ஆனா அது அவர் குரல்தானே. சமையக்கட்டுல இருக்கும்போது காதுல விழும். சரி, இருக்காருன்னு நினைச்சுப்பேன். இப்போ நிமிஷத்துக்கொரு தரம் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கு." பிறகு, "உங்கமேல தப்பில்ல தம்பி," என்றும் சொன்னார். அதுதான் சலூன்காரரை அதிகமாகச் சுட்டது.

கேள்வி தீர்ந்துபோனதால் வார்த்தையும் தீர்ந்துவிட்டது என்று அவர் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். அந்தத் தேறுதல் நிலைக்கவில்லை. மீட்டரில் யாராவது கைவைத்திருந்தால் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுகிற மனிதர் அவர். தான் கதையில் கைவைத்ததைக் கண்டுபிடித்திருக்கமாட்டாரா? இவனிடம் இனி என்ன பேச்சு என்று வாயை மூடிக்கொண்டாரா? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

அன்றிலிருந்து விடுமுறை தவறாமல் போனார். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்காட்டுவார். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடிவிட்டு, "யாருன்னு நினைக்கிறீங்க சார்?" என்று கேட்பார். கிண்ணத்திலிருக்கிற வெந்நீர் ஆறுகிறவரை காத்திருப்பார். மீட்டர்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை சமையற்கட்டிலிருந்து அந்த அம்மாள், "எனக்கென்னவோ அந்த டாக்டர் மேலதான்..." என்று ஆரம்பித்து, கட்டிலைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கணவரின் முறையைத் தான் எடுத்துக்கொண்டதுபோல் அந்த அம்மாளுக்கு ஆகிவிட்டது. இப்படி நாலு புத்தகங்கள் போயின. நாலிலும் கடைசி அத்தியாயம் படிக்கப்படவில்லை. ஐந்தாவதில் நாற்பது பக்கம் போயிருந்தபோது, ஒரு காலையில் மீட்டர்காரர் இறந்துபோனார்.

ஐந்தாறு மாதம் கழித்து, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து அந்த அட்டையில்லாத புத்தகத்தைப் புரட்டினார்.

"இதென்னங்க கம்பி?"

"அது அங்கயே இருக்கட்டும், எடுக்காதீங்க," என்றார் சலூன்காரர். பன்னிரண்டு பக்கம் மீதமிருந்த அதே இடத்தில் அதை அவர் திரும்பச் செருகி வைத்திருந்தார்.

வந்தவர் இருபது பக்கம் படித்தார். கொட்டாவி விட்டார். "எனக்கு இவ்வளவு பொறுமையில்லைங்க. யார்தான் கொன்னது?"

பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. விவரம் தெரியாமல் யாரிடம் போய் எதைக் கேட்கிறார் பார் என்கிற சிரிப்பு. சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"சமையக்காரன்," என்றார்.

இரண்டாவது நாற்காலியில் மச்சானின் கத்தரி நின்றது. பெஞ்சில் அந்தப் புத்தகத்தை முடித்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் தரையில் கிடந்த முடியைப் பார்த்தார்கள்.

"இவ்வளவுதானா? இது மொதல்லயே தெரியுதே," என்று வந்தவர் புத்தகத்தை மூடினார்.

"ஆமா சார். எங்க மீட்டர் சார் மொதல்லயே சொன்னாரு," என்றார் சலூன்காரர். பிறகு துண்டை உதறிவிட்டு அடுத்தவரை வரச்சொன்னார்.