ஓமத் தண்ணீருக்குக் கேட்காத வலி

அப்பாவுக்கு டிக்கெட் வந்த அன்றுதான் எனக்கு வயிற்றுவலி தொடங்கியது. அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். கேட்கவில்லை. டாக்டர் அழுத்திப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாமலா இப்படி வலிக்கும்? எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எனக்கு வயது இருபது. ஆட்டிசம் உண்டு. சின்ன வயதில் நாகர்கோவிலில் ஒரு டீச்சர் முகப்படங்களைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்: சிரித்தால் சந்தோஷம், கண்ணீர் வந்தால் வருத்தம். மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். என்ன பிரயோஜனம்? எங்கள் வீட்டில் யார் கல்ஃபுக்குப் புறப்பட்டாலும் அழக்கூடாது. "எறங்கும்போ கரையப்பிடாது, போற வழிக்கு ஆகாது" என்பாள் அம்மா. ஜெபம் பண்ணிவிட்டு எல்லாரும் சிரித்துக்கொண்டே வழியனுப்புவார்கள். அப்பா போவதில் இவர்களுக்கு இத்தனை சந்தோஷமா என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

அப்பா ஒவ்வொரு முறையும் புறப்படும்போது என்னிடம் விடை கேட்பார், "அப்பா போட்டா மக்கா?"

"போங்க" என்பேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

இந்த முறை புறப்படுவதற்கு முந்தின நாள், அடுக்களையில் அவர் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "நான் போறதுல மவளுக்கு ஒண்ணும் இல்லட்டி."

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எனக்கு ஒன்றும் இல்லையா, இருக்கிறதா? எனக்கே தெரியாததை அவரிடம் எப்படிச் சொல்ல?

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகும் வழியில், களியக்காவிளை நெரிசலில் கார் மாட்டிக்கொண்டது. ஹாரன் சத்தம் மண்டையைக் குடைந்தது. விரல்களை உதறிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் அம்மா. முகம் சிரித்தபடிதான் இருந்தது. கை மட்டும் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. நான் பிடிக்கும் அதே இடம்.

"வயிறு வலிக்காம்மா?"

"ஆமா மக்கா."

"எப்போலேருந்து?"

முன்சீட்டில் இருந்த அப்பாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "டிக்கெட் வந்ததுலேருந்து. அப்பா போறாருல்லா."

அட, இதுவா! இதற்கா நான் குடம் குடமாக ஓமத் தண்ணீர் குடித்தேன்?

விமான நிலைய வாசலில் அப்பா வழக்கம்போலக் கேட்டார். "அப்பா போட்டா மக்கா?"

"வயிறு வலிக்குப்பா. நீங்க போறதுனால."

அப்பா பெட்டியைக் கீழே வைத்தார். அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். அம்மா தடுக்கவில்லை. அவளும் அழுதாள்.

இப்போது அங்கிருந்து தினமும் போன் செய்கிறார். முதலில் கேட்பது இதைத்தான்.

"வயிறு எப்படி இருக்கு மக்கா?"

"வலிக்குப்பா."

"எனக்கும்" என்கிறார்.