ஜாக் பெரிதா, ஏஸ் பெரிதா

“…ஏழு சீட்டையும் ரெண்டாப் பிரிக்கவேணும், அண்ணை. அஞ்சு பின்னுக்கு, ரெண்டு முன்னுக்கு. ரெண்டு கையும் வெண்டால்தான் வெற்றி. முன்கை பின்கையை விடப் பெரிசா இருந்தால், அந்த ஆட்டம் செத்தது.”

மொன்றியலில் ஞாயிறு பூசை முடிந்த தேவாலய மண்டபத்தில், அன்ரன் எனக்குப் பாய் கௌ போக்கர் சொல்லித் தருகிறார். சீனர்களின் டொமினோக் கட்டை ஆட்டத்திலிருந்து பிறந்து கசினோவுக்கு வந்த சீட்டாட்டம் இது. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கித் தூக்கி அவருடைய முதுகு போய்விட்டது. இனிப் பாரமே தூக்கக்கூடாதாம். கசினோவில் சீட்டுப் போடும் வேலைக்கு நாளை அவருக்குப் பரீட்சை; என்னிடம் சொல்லிச் சொல்லிப் பழகுகிறார்.

ஏழு சீட்டை விரிக்கிறார். இரண்டு ஏஸ், இரண்டு ஜாக், மூன்று உதிரி. அவர் கை தானாக ஓடி ஜாக் சோடியைப் பின்னுக்கும் ஏஸ் சோடியை முன்னுக்கும் வைக்கிறது.

“செத்துது!” என்கிறார் அவர் மனைவி றீற்றா. “இது முன்னூற்றிநாலு இல்லையப்பா. இஞ்சை ஏஸ்தான் பெரிசு.”

யாழ்ப்பாணத்தார் ஆடும் முன்னூற்றிநாலில் ஜாக்குக்கு மேல் சீட்டே கிடையாது. பக்கத்து மேசையில் அந்த ஆட்டத்துக்குத்தான் மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.

“தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும், தங்கச்சி. அன்ரன், வாடா, ஒரு கை குறையுது!” என்கிறார் அந்த மூவரில் ஒருவர்.

தமிழ்நாட்டில் எங்கள் பக்கமும் சொல்கிற பழமொழிதான். நாளைப் பரீட்சையை வைத்துக்கொண்டு இங்கே கேட்கையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“இல்லையடா. இனி அந்த ஆட்டத்துக்கு என்னைக் கூப்பிடாதேங்கோ” என்கிறார் அன்ரன். முதுகைப் பிடித்தபடி எழுந்து, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, மறுபடி ஏழு சீட்டை விரிக்கிறார்.