பிஸ்கட் டின்னில் மூன்று எழுத்து

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக் கடையொன்றில் சாண்ட் பேப்பர் கேட்டேன். மரத்துக்கா சுவருக்கா என்றார் கடைக்காரர். எழுத்துக்கு என்றேன்.

“எழுத்தத் தேய்க்கப் போறீங்களா மெடம்? அப்ப ரப்பர் வாங்குங்க, விலையும் குறைவு.”

பெயின்ட் வாங்க வந்து பக்கத்தில் நின்றவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு ஒவ்வொரு தாளையும் ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்து, தோலைக் கீறாத, ஆனால் விரல் வழுக்கியும் போகாத ஒன்றைத் தேர்ந்து மூன்று தாள் வாங்கினேன்.

என் மகனுக்கு அப்போது இரண்டரை வயது. பேச்சு வரவில்லை. தண்ணீருக்கு ஒரு சத்தம், வேண்டாம் என்பதற்கு ஒரு சத்தம், என்னைக் கூப்பிட ஒரு ‘ம்மா’. அவ்வளவுதான். எங்கள் தொடர்மாடியில் அவன் வயதுப் பிள்ளைகள் லிப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் எங்கே போகிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இவன் அவர்களுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதும் தலைப்பு வைப்பதும் வேலை. பேச்சு வராத பிள்ளைக்கு எழுத்தைக் காட்டலாம் என்று தோன்றியது தொழில் தந்த புத்தியாக இருக்க வேண்டும். கையால் தொடட்டும், கண்ணால் பார்க்கட்டும், வாய் பிறகு வரட்டும் என்று நினைத்தேன்.

எல்லோரும் அ-வில் தொடங்குவார்கள். சின்னக் கைக்கு அது கஷ்டமான எழுத்து. சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நெட்டுக் கோடு எல்லாமே அதில் உண்டு. நான் ட-வில் தொடங்கினேன். அடுத்தது ப. அதன் பிறகு ம. அலுவலகத்தில் பக்கம் வடிவமைப்பவரிடம் இந்த மூன்றையும் தாளுக்கு ஒன்றாகப் பெரிதாக அடித்துத் தரச் சொன்னேன்.

“இவ்வளவு பெரிய எழுத்தில தலைப்புப் போட நாட்டில என்னக்கா நடந்தது?” என்று கேட்டார்.

“என்ர மகன் கதைக்கப் போறான்.”

அடித்த தாளை சாண்ட் பேப்பரின் மேல் வைத்து வெட்டினேன். கத்தரிக்கோல் இரண்டு மழுங்கிப் போயின. வெட்டிய எழுத்துகளை கோர்ன்பிளேக்ஸ் பெட்டி மட்டையில் ஒட்டினேன். சனிக்கிழமை காலையில், சாப்பாட்டு மேசையை ஒதுக்கிவிட்டு, நிலத்தில் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து இருவரும் உட்காருவோம். முதலில் அவன் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் நடத்துவேன். பிறகு தட்டத்தில் பரப்பிய வறுத்த சிவப்பரிசி மாவில் அதே கோட்டை அவன் கீறுவான். கோதுமை மாவில் உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து, பாம்புபோல உருட்டி, எழுத்தாக வளைப்போம். கடைசியில் வேறொரு மட்டையில் எழுத்தைக் கீறி, பசை தடவி, கோட்டின் மேல் மைசூர்ப் பருப்பை ஒவ்வொன்றாக ஒட்டுவது. அதில் அவன் கெட்டிக்காரன். நாக்கின் நுனியை வெளியே வைத்துக்கொண்டு, ஒரு பருப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விடாமல் ஒட்டுவான். அவன் ஒட்டிய முதல் ட-வில் முப்பத்தாறு பருப்புகள் இருந்தன.

ட-வுக்கு டொபி கொடுத்தேன். ப-வுக்குப் பந்து உருட்டினேன். ம-வுக்கு சாமித் தட்டிலிருந்து சின்ன மணியை எடுத்து வந்து, அவனுக்கு முன்னால் அடித்தேன். மணி ஆடியதைப் பார்த்துச் சிரித்தான். அவன் முதுகுப் பக்கமாக நின்று அடித்தபோது திரும்பவில்லை. பருப்பில் கவனமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வரியில் ஒரு புள்ளி தவறினாலும் கண்டுபிடிக்கிற கண் எனக்கு உண்டு என்று அலுவலகத்தில் சொல்வார்கள்.

மூன்று மாதம் போயிற்று. மூன்று எழுத்தையும் விரலால் தவறில்லாமல் எழுதினான். வாயில் ஒன்றும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

“வீட்டில எத்தனை பாஷை?” என்று கேட்டார்.

யோசித்துச் சொன்னேன். நானும் கணவரும் தமிழ். பகலில் மகனைப் பார்த்துக்கொள்ள கிருலப்பனையிலிருந்து வரும் அக்காவுக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். தொலைக்காட்சியும் லண்டனில் இருக்கும் மச்சாளின் அழைப்புகளும் ஆங்கிலம்.

“மூண்டா? பிள்ளை குழம்பியிருக்கு. ஒண்டாக்குங்கோ.”

எந்த மொழி என்று அவர் சொல்லவில்லை. அதை நாங்களே தீர்மானித்தோம், திரும்பி வந்த த்ரீவீலரில்.

“இஞ்ச பாரும்,” என்றார் கணவர். “பள்ளிக்கூடம் எப்பிடியும் இங்கிலீஷ்தான். நாளைக்கு நாங்கள் எங்க இருப்பமோ ஆருக்குத் தெரியும்? தமிழ் எங்க ஓடப்போகுது? கதைக்கத் தொடங்கட்டும், பிறகு நீர் ஆறுதலாப் படிப்பியும்.”

ஓம் என்றேன். அவர் வற்புறுத்தினார் என்று எழுத முடியாது. நான் ஓம் என்றேன்.

ஒரே ஒருவர் சொன்னதை வைத்துச் செய்தி போடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருவது. குப்பை லொறி இரண்டு நாள் வராததைப் பற்றி எழுதினாலும் இரண்டு பேரிடம் கேட்போம். மகனின் மொழியை மாற்ற நான் இரண்டாவது ஆளைக் கேட்கவில்லை.

மூன்று எழுத்தையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்தேன். மிச்சமிருந்த சாண்ட் பேப்பரில் ஆங்கில எழுத்துகளை வெட்டினேன். அதே மாவு, அதே பருப்பு, அதே சனிக்கிழமை. நானும் கணவரும் தமிழில் பேச வேண்டியதை சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினோம். கிருலப்பனை அக்காவிடம் இனிப் பிள்ளையோடு சிங்களம் பேச வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். “மட்ட இங்கிரீசி பே நோனா” என்றார். தனக்கு ஆங்கிலம் வராது என்பதை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னார். அப்படியென்றால் பேசாமல் ஊட்டுங்கள் என்றேன். தலையாட்டினார்.

என் ஆங்கிலம் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கப் போதுமானது. பிள்ளையின் மூக்கைத் துடைக்கும்போது சொல்ல அதில் எனக்குச் சொல் இல்லை. ஒருநாள் தொடர்மாடிப் படியில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டான். “என்ர குஞ்சு, இஞ்ச வா” என்று என்னை அறியாமல் கத்தினேன். அழுதுகொண்டே தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான், நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று.

மூன்றரை வயதில் பேசத் தொடங்கினான். முதலில் ‘மோர் ஜூஸ்’. பிறகு வாரத்துக்கு நாலைந்து சொல்லாக வந்தது. “பாத்தீரே?” என்று கணவர் என் தோளைத் தட்டினார். எனக்கும் சந்தோஷம்தான். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நாலரை வயதில், கூப்பிட்டால் சில நேரம் திரும்புவதில்லை என்று பாலர் பாடசாலை ஆசிரியை சொல்லியனுப்பினார். காது டொக்டரிடம் போனோம். தமிழ்ப் பெண். விளக்கை வைத்து இரண்டு காதையும் நெடுநேரம் பார்த்தார். பெரிய கருவியொன்றைக் காதில் மாட்டி, சத்தம் கேட்டால் கட்டையை வாளியில் போடச் சொன்னார். அவன் என்னைப் பார்த்தான்.

“தமிழ் விளங்காதோ?”

நடந்ததைச் சொன்னேன். அவர் குறிப்பெழுதுவதை நிறுத்தினார்.

“ஆர் சொன்னது உங்களுக்கு? ரெண்டு காதிலயும் உள்ளுக்குச் சளி தேங்கி நிண்டிருக்கு. சின்னனில இருந்தே இருந்திருக்க வேணும். இப்ப தானா வத்திக்கொண்டு வருது. அதாலதான் கதைக்கிறார். நீங்கள் மூண்டு பாஷை கதைச்சிருந்தாலும் மூண்டும் வந்திருக்கும். பிள்ளை குழம்பேல்லை அம்மா, பிள்ளைக்குக் கேக்கேல்லை.”

கணவர் மேசையில் கிடந்த காது மாதிரியைக் கையில் எடுத்து, திரும்பவும் அதே இடத்தில் வைத்தார்.

கணவர் மகனை வீட்டில் விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போனார். நான் நேரே அலுவலகம் போனேன். ஒரே செய்தியை நான்கு முறை வாசித்தும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மத்தியானத்துக்கு முன் திரும்பிவிட்டேன். கதவைத் திறந்தபோது சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கிருலப்பனை அக்கா ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், மகன் சிரித்தான்.

“தவ டிக்கக்!” என்றது அவன் குரல். இன்னும் கொஞ்சம் என்று சிங்களத்தில்.

கதவைத் தள்ளினேன். பருப்புச் சோற்றுக் கையோடு அவர் எழுந்து நின்றார். “சமாவென்ன நோனா.” மன்னிப்புக் கேட்டார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்: முதல் நாள் பேசாமல்தான் ஊட்டினேன். அடுத்த நாள் முடியவில்லை. பேசாமல் ஊட்ட இது என்ன, நாய்க்குட்டியா?

கிட்டத்தட்ட இரண்டு வருடமாக, நான் வேலைக்குப் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கிறார். அவர் என் சொல்லைக் கேட்கவில்லை. அதனால் அவருடைய மொழி என் மகனிடம் இருந்தது. என்னுடையது இல்லை.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுங்கள் என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை டின்னை இறக்கினேன். ஆங்கில எழுத்துகளின் மேல் சாண்ட் பேப்பர் அவன் விரல் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்டிருந்தது. இந்த மூன்றும் கடையில் தடவிப் பார்த்தபோது இருந்த சொரசொரப்போடு ஏறக்குறைய அப்படியே இருந்தன. ட-வை எடுத்து, எல் என்றான். ப-வை யூ என்றான். ம-வைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது உடைந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அவன் முதுகுப் பக்கமாகப் போய் மணியை அடித்தேன். உடனே திரும்பினான்.

“பெல்,” என்றான்.

“மணி.”

“பெல்.”

“மணி, குஞ்சு. ம. மணி.”

எழுந்து வந்து உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினான். “டோக் ப்ரொப்பர்லி, அம்மா.” கோபமில்லை. தவறாகப் பேசுகிற ஒருவருக்கு உதவுகிறான்.

மத்தியானம் வரை தமிழில் மட்டும் பேசிப் பார்த்தேன். பதில் சொல்லாமல் காத்திருந்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபோதும் காத்திருந்தான். ஒரு மணிக்கு ஆங்கிலத்தில் கேட்டேன். யெஸ் என்றான்.

சாப்பிட்டபின் மூன்று எழுத்தையும் புது மட்டைகளில் கீறி, பசையும் பருப்பும் எடுத்து வைத்தேன். அவனாகவே ம-வின் மட்டையை முன்னால் இழுத்து, நாக்கின் நுனியை வெளியே வைத்துக்கொண்டு, பருப்புகளை ஒட்டத் தொடங்கினான். இப்போது எண்ணிக்கொண்டே ஒட்டுகிறான், ஆங்கிலத்தில், உரக்க. நான் மனதுக்குள் தமிழில் எண்ணிக்கொண்டு வந்தேன். பதின்மூன்றுக்குப் பிறகு அவன் பதினைந்துக்குத் தாவினான்.

திருத்த வேண்டுமென்றால் ஆங்கிலத்தில்தான் திருத்த வேண்டும். பேசாமல் இருந்தேன்.