குப்பை மேட்டில் விசிறி ஓணான்

பங்குனியில் எண்ணூர் மணலுக்குக் காலை என்று தனியாக ஒன்று கிடையாது. விடிந்தால் நேராக மதியம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் கல்லூரித் தோழனும் அங்கே குனிந்து குனிந்து குப்பையைப் புரட்டிக்கொண்டிருந்தோம். தேடியது விசிறி ஓணானை. விரல் நீளம்தான் இருக்கும், மணல் நிறம், அசையாமல் நின்றால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் இந்தப் பருவத்தில் மட்டும் ஆண் ஓணான் ஏதாவது ஒரு மேட்டில் ஏறி, தொண்டையை விசிறிபோல் விரித்துப் பெண்ணைக் கூப்பிடும்.

முந்தின வாரம் அதே இடத்தில் ஒன்றைப் பார்த்திருந்தேன். போட்டோ எடுப்பதற்குள் ஓடிவிட்டது. இப்போது அந்த இடத்தையே வழித்து எடுக்கப் போகிறார்கள். குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் சின்ன மணல்திட்டு. கிழிந்த வலை, தெர்மாகோல், உடைந்த ஃபைபர் படகு, சிமெண்டு சாக்கு எல்லாம் அதில்தான் வந்து விழும். குப்பத்துக்காரர்கள் அலையாய் அலைந்து ஒரு பொக்லைனை வரவழைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நாற்றத்தின் பக்கத்தில் தூங்குகிறவர்கள் அவர்கள். நான் பெரம்பூரில் ஃபேனுக்குக் கீழே.

நான் கெஞ்சிய கெஞ்சலில், காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்கா மட்டும் கொஞ்சம் இறங்கிவந்தார். குப்பத்தில் அவர் சொல்தான் சொல்.

"டிரைவரு நாஷ்டா துன்னுட்டு வர்ற வரைக்கும் டைமு. அதுக்குள்ள அந்த ஓணானக் கண்ணுல காட்டு. காட்டிட்டீனா ஒரு மூலைய உட்டுட்றோம். இல்லாங்காட்டி பேசாம வூட்டுக்குப் போய்க்கினே இரு."

ஒரு சாக்கைத் தூக்கினால் தேரை. தெர்மாகோலைத் தூக்கினால் அரணை.

"தேரையா? அது என் வூட்டு பாத்ரூம்லயே கீது," என்றார் அக்கா.

பார்த்துவிட்டு ஒவ்வொன்றையும் இருந்தபடியே திரும்ப வைத்தோம். இந்த மாதிரி உயிர்களைத் தேடப் போகிறவர்களுக்கு அது பழக்கம். அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா நைனா, குப்பைய எடுத்து அதே எடத்துல வெக்கிற? தாலி கட்டிகினியா அதுக்கு?"

"அது அதுங்களுக்குக் கூரைக்கா. எடுத்தா திரும்ப வெச்சுடணும்."

"போன புயல்ல என் கூரைதான் பறந்துச்சு. எவன் எடுத்து வெச்சான்?"

அடுத்த சாக்கைத் தூக்கினேன்.

"மாமு, போதும்டா. இடுப்பு கழண்டுச்சு," என்று தோழன் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்திருப்பேன். கையில் ஒரு பெரிய தெர்மாகோல் பலகை இருந்தது, அதை வைத்துவிட்டு உட்காரலாம் என்று நினைத்தேன். அதற்குள் டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறிவிட்டார்.

பொக்லைன் முதல் வாளியை அள்ளிக் கொட்டியதும் மணலும் செருப்பும் பாட்டிலுமாக ஒரு புது மேடு எழுந்தது. புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. உயரத்தில் இருந்த டிரைவர்தான் கத்தினார்.

"ஏ தம்பி! அந்தச் செருப்பு மேல பாரு! கயுத்துல இன்னாமோ விரிக்குது!"

ஓணானுக்கு யார் மேடு கட்டினால் என்ன. ஒற்றைச் செருப்பின் மேல் நின்று வெள்ளைத் தொண்டையை விரித்தது. அதில் ஒரு நீலக் கோடு. மடக்கியது, மறுபடி விரித்தது. டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். என் இரண்டு கையிலும் பலகை. கேமரா கழுத்தில் தொங்கியது. துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். பலகையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"இதுக்காடா இம்மாம் பேஜாரு?" என்றார் அக்கா. ஆனால் அது இறங்கி ஓடும்வரை கண்ணை எடுக்கவில்லை. பிறகு டிரைவரிடம், "படகு கெடக்குற மூலைய உட்ருப்பா," என்றார். என் பக்கம் திரும்பினார்.

"அந்த மூல குப்ப இனிமே உன்னுது. நாத்தம் அடிச்சா உன்னத்தான் கூப்டுவேன். நம்பரக் குடு."

கொடுத்தேன். மீதித் திட்டு சாயங்காலத்துக்குள் வழித்துச் சுத்தமானது. எங்கள் மூலையில் பலகைகளை நகர்த்தாமல், கண்ணாடித் துண்டையும் குழந்தைகளின் டயப்பரையும் மட்டும் கையால் பொறுக்கினோம்.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் போன் அடித்தது.

"நைனா, உன் மூலைல எவனோ கோயி எறகக் கொட்டிட்டுப் போய்கீறான். சீக்கிரமா வா."

பெரம்பூரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். எழுந்து கையுறையைத் தேடினேன்.