சித்தப்பா வீட்டை வந்திட்டாராம்

லண்டனில் சித்தப்பா இருதய ஒப்பரேசனுக்குப் பிறகு கண் திறக்காமல் கிடந்தார். காணிப் பிரச்சினையில் அப்பாவும் அவரும் கதைக்காமல் விட்டுப் பல வருடம். சித்தி அம்மாவுக்குத்தான் போன் எடுப்பா. அந்த நேரங்களில் அப்பா கதவடியில் எதையோ தேடுவதுபோல் நிற்பார்.

அன்று காலை எடுத்தது சித்தியின் மகள். அங்கேயே பிறந்த அவளுக்குத் தமிழ் வராது. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. சாவகச்சேரியில் ஆங்கில ரியூசனுக்குப் போகும் நான்தான் வீட்டின் பண்டிதர். அம்மா போனை என் காதில் வைத்தா.

அவள் அழுதுகொண்டே, "டாட்ஸ் கம் ரவுண்ட்" என்றாள். லைன் அறுந்துவிட்டது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. 'கம் ரவுண்ட்' என்றால் ஒருவர் வீட்டுக்கு வருவது என்று அந்தக் கிழமைதான் படித்திருந்தேன்.

"சித்தப்பா வீட்டை வந்திட்டாராம்."

"நினைவில்லாமல் கிடந்த மனிசன் எப்பிடியடி வீட்டை வாறது?" அம்மா என்னை உற்றுப் பார்த்தா. "அவள் அழுதவளோ?"

"ஓம்."

"ஐயோ, பிரேதத்தைக் கொண்டு வந்திட்டாங்கள்!"

அப்பா கதவைப் பிடித்தபடியே நிலத்தில் இருந்துவிட்டார். திரும்பத் திரும்ப எடுத்தும் அங்கே யாரும் போனைத் தூக்கவில்லை. அம்மா அழுதழுது, செத்தவீட்டில் செய்வதுபோல் அடுப்பைத் தண்ணி ஊத்தி நூர்த்தா. இந்த மாதிரிச் சொற்களுக்கு இடத்துக்கு இடம் கருத்து மாறும் என்று ரீச்சர் சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. "வேறை கருத்தும் இருக்கும்" என்றேன். யாருக்கும் அது கேட்கவில்லை.

போன் அடித்தது. அம்மா தொடப் பயந்தா. அப்பாதான் எழும்பிப் போய் எடுத்தார்.

"அத்தானே?" சித்தியின் குரல் வெளியே கேட்டது. "அவர் கண் முழிச்சிட்டார். பிள்ளை சொன்னவளெல்லோ? உங்களைத்தான் கேக்கிறார். இந்தாங்கோ, கதையுங்கோ."

பிறகு மெல்லிய குரலில், "அண்ணை."

அப்பா போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"சாப்பிட்டியோ?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கில் குழாயோடு கிடக்கிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது? அம்மா என் தொடையில் கிள்ளினா. அப்பாவுக்கு வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன்.