கிரேஸின் நெற்றி

காஞ்சிபுரத்தில் பேரைக் கேட்பதற்கு முன்பே நெற்றியைப் பார்த்துவிடுவார்கள். வடகலையா, தென்கலையா, விபூதியா என்று தெரிந்தால்தான் பேச்சை எங்கே தொடங்குவது என்று புரியும். முசரவாக்கத்து கிரேஸுக்கு இந்தப் பழக்கம் அறவே பிடிக்காது. அவள் பிழைப்பு என்னவோ இதேதான்.

ஆஸ்பத்திரி லேபில் வேலை. ரத்தப் புற்று வந்தவரின் எலும்பு மஜ்ஜையில் பெருகிக் கிடக்கும் இளம் செல்கள் மைக்ராஸ்கோப்பில் பல சமயம் ஒன்றுபோலவே தெரியும். எந்த வம்சத்துச் செல் என்று தெரியாமல் சரியான மருந்து கொடுக்க முடியாது. செல்லின் மேலுள்ள புரதங்களில் ஒட்டி மினுங்கும் சாயங்களைக் கலந்து, லேசருக்கு முன்னால் ஓடவிட்டு, எது எதை அணிந்திருக்கிறது என்று கிரேஸ் பார்ப்பாள்.

அன்று நெசவாளர் தினகரன், மூணாங்கிளாஸ் படிக்கும் மகள் காவேரியை மஜ்ஜை எடுக்கக் கூட்டிவந்தார். மகளுக்கு விபூதி பூசியவர், மஜ்ஜைக் குழாயை வாங்கிக்கொண்டு நின்ற கிரேஸின் வெறும் நெற்றியைக் கண்டார். பாவம், அவசரத்தில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது! அவளுக்கும் பட்டையாக இழுத்துவிட்டார்.

"எம் பொண்ணு உசிரு உன் கையில இருக்குதும்மா."

கைகளில் ரப்பர் உறையும் மஜ்ஜைக் குழாயும். துடைக்க வழியில்லை, மனசும் வரவில்லை.

"இன்னாக்கா, எப்ப மாறினே?" என்றான் உடன் வேலை பார்க்கும் சரத்குமார்.

"மெஷினைப் பாருப்பா."

லேப் திரையில் சிடி-13 என்ற புரதம் மினுங்கியது. மைலாய்டு வம்சத்தின் அடையாளம் அது.

"மைலாய்டுதான்க்கா. எழுதிடவா?"

அப்படியானால் காவேரிக்கு மருந்தே வேறு, கடுமையானது.

"என் நெத்தியில இன்னா இருக்குது?"

"விபூதி."

"நான் யாரு?"

"சர்ச்சுல பாடறவங்க."

"அப்ப மீதியையும் பாரு."

பார்த்தார்கள். இன்னொரு வம்சமான பி-லிம்ஃபாய்டின் அடையாளங்கள் சிடி-19, சிடி-10, சிடி-79ஏ எல்லாம் பளிச்சென்று இருந்தன. மைலாய்டுக்கு முக்கியச் சாட்சியான எம்பிஓ இல்லவே இல்லை. செல் பி-லிம்ஃபாய்டுதான்; சிடி-13 வழியில் ஒட்டிக்கொண்ட விபூதிப் பட்டை. பேத்தாலஜிஸ்ட்டும் அதையே எழுதிக் கையெழுத்திட்டார். குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் குணமாகிற வகை.

டாக்டர் சொல்லக் கேட்டு அழுதுகொண்டே வந்தார் தினகரன். "நீ எந்தக் கோயிலுக்குப் போவேம்மா?"

"சர்ச்சுக்குண்ணா."

"ஐயையோ! நெத்தி காலியா இருந்துதேன்னு..."

"காலியா இருந்தா குடியேறிடுவீங்களா?"

இப்போது காவேரி சிகிச்சைக்கு வரும்போதெல்லாம் அவர் கேட்டுவிட்டுத்தான் விபூதியை நீட்டுகிறார். கிரேஸும் குனிகிறாள். ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாள்:

"இன்னிக்கு வாணாம்ணா, சாயங்காலம் சர்ச்சு. எங்க பாஸ்டரு நெத்தியோட நின்னுடுவாரு. மீதியைப் பாக்கமாட்டாரு."